நாச்சா நடிகர்களும் ஹபீப் தன்வீரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாடக இயக்குநர் ஹபீப் தன்வீரின் நாடகக் குழுவான நயா தியேட்டர் பற்றிய உங்கள் கட்டுரையில் பாராட்டில் பாதியை நடிகர்களுக்குக் கொடுத்துவிட்டீர்கள். சத்தீஸ்கர் கிராமத்துக்காரர்கள் மேடையில் அவர்களாகவே இருந்தார்கள், அவ்வளவுதானே? லண்டனில் படித்துவிட்டு வந்த இயக்குநருக்குத்தானே பெருமை சேரவேண்டும்? கிராமத்துக் கலைஞர்கள் என்றாலே விமர்சகர்கள் தாராளமாகிவிடுகிறீர்களோ?

ஆர்., கரூர்

அன்புள்ள ஆர்.,

அந்தத் தாராளம் உண்டுதான். ‘அனைவரும் சிறப்பாக நடித்தனர்’ என்று ஒரு வரி எழுதிக் கடமையை முடிக்கும் விமர்சனங்கள் எனக்கும் எரிச்சல் தருபவை. ஆனால் நயா தியேட்டர் விஷயத்தில் நடந்ததே வேறு.

தன்வீர் 1958இல் பழைய சமஸ்கிருத நாடகமான மிருச்சகடிகத்தை ‘மிட்டி கி காடி’ என்று மேடையேற்றியபோதே சத்தீஸ்கரிலிருந்து ஆறு நாட்டார் நடிகர்களை டெல்லிக்கு அழைத்து வந்துவிட்டார். அவருடைய புகழ்பெற்ற நாடகம் ‘சரண்தாஸ் சோர்’ வந்தது 1975இல். அவர்கள் அவர்களாகவே இருந்தால் போதும் என்றால் இடையில் ஏன் இத்தனை வருடம்?

நல்ல நடிகர்கள் அவர் ஒத்திகையில் தடுமாறினார்கள். அவர்களை இந்தியில் பேச வைத்தார். இந்த வசனத்துக்கு இங்கே நில், அடுத்ததற்கு அங்கே நகர் என்று இடம் குறித்துக் கொடுத்தார். அவர்களோ நாச்சா என்னும் சத்தீஸ்கர் நாட்டார் நாடகத்தில் ஊறியவர்கள். மூன்று பக்கமும் கூட்டம் உட்கார்ந்திருக்க, எழுதிவைத்த பிரதி இல்லாமல் விடிய விடிய ஆடுவார்கள். எந்தப் பக்கம் சிரிப்பு கிளம்புகிறதோ அந்தப் பக்கம் திரும்பி அடுத்த வரியைப் போடுவார்கள். கோட்டுக்குள் நிற்கச் சொன்னால் என்ன ஆகும்? தன்வீர் பிறகு அவர்கள் மொழியான சத்தீஸ்கரியிலேயே பேச விட்டார், நகர்வையும் அவர்கள் போக்குக்கு விட்டார். இதை அவரே சொல்லியிருக்கிறார். லண்டனில் படித்ததில் பாதியை ஒதுக்கிவைக்கத் துணிந்ததுதான் என் கணக்கில் அவருடைய பெரிய சாதனை.

ஆக, நீங்கள் இயல்பு என்று பார்ப்பது மேடையில் சம்பாதித்த தொழில். வயலில் நிற்கும் மனிதர் மேடையில் ஏறினால் கை எங்கே வைப்பது என்றே தெரியாது!

‘சரண்தாஸ் சோர்’ கடைசிக் காட்சியைப் பாருங்கள். பொய் சொல்வதில்லை என்று குருவிடம் சத்தியம் செய்த திருடன். ராணி கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறாள். ராணியை மணப்பதில்லை என்றும் ஒரு சத்தியம் இருப்பதால் மறுக்கிறான். சரி, நான் கேட்டதை வெளியே சொல்லாதே என்கிறாள். அதுவும் முடியாது. ராணி கொல்லச் சொல்கிறாள், செத்துப்போகிறான். அதுவரை சிரித்த சபை சட்டென்று அடங்க வேண்டும். ஒரே ஒரு துணை நடிகர் சிரிப்பைக் கூடுதலாக இழுத்தாலும் காட்சி போச்சு. ராணியாக வந்த ஃபிதா பாயும் மற்றவர்களும் அதைச் சாதித்தார்கள். 1982இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த ஃபிரிஞ்ச் கலைவிழாவில் இந்த நாடகத்துக்கு ஃபிரிஞ்ச் ஃபர்ஸ்ட் விருது கிடைத்தது. அங்கே சத்தீஸ்கரி யாருக்குத் தெரியும்?

சரண்தாஸாக நடித்த கோவிந்தராம் நிர்மல்கருக்கு 2009இல் பத்மஸ்ரீ வந்தது. தன்வீர் காலமானதும் அதே ஆண்டுதான்.

இதே கதையை ஷியாம் பெனகல் 1975இல் படமாக எடுத்திருக்கிறார். நயா தியேட்டர் நடிகர்கள் பலர் இருக்கிறார்கள், கூடவே ஸ்மிதா பாட்டீலும். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அப்போதும் உடன்படாவிட்டால் சண்டையைத் தொடரலாம்.