எஃப்.டி.ஓ. போட்டாச்சா என்று கேளுங்கள்

கேள்வி: நன்னிலம் பக்கத்தில் ஒரு கிராமம் என்னுடையது. புரட்டாசியில் நூறு நாள் வேலைக்கு 18 நாள் போனேன். வாய்க்கால் வேலை. நாளுக்கு 300 ரூபாய் கணக்கில் 5,400 வர வேண்டும். வேலை முடிந்து 14 வாரம் ஆகியும் வரவில்லை. எங்கள் தெருவில் 23 பெண்களுக்கும் இதே நிலைமைதான். என் வீட்டுக்காரர் ஒரு கட்சியில் கிளைப் பொறுப்பில் இருக்கிறார். என் தம்பி நேர் எதிர்க்கட்சி. பொங்கல் வரிசை கொண்டு வந்தவனிடம் இவர், “டெல்லியில பணத்தைப் பிடிச்சு வச்சிருக்காங்க மாப்ளே” என்று ஆரம்பிக்க, அவன், “அனுப்புன பணத்துக்கு இங்க கணக்கு இல்ல மாமா” என்று சொல்ல, பேச்சு முற்றி, போட்ட இலையில் உட்காராமல் தம்பி கிளம்பிவிட்டான். இப்போது புதுச் சட்டம், 125 நாள் வேலை என்கிறார்கள். அதற்கும் சண்டை. மகள் பி.காம். முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறாள். இவர்கள் ஒத்துப்போய் எங்களுக்கு வேலை கொடுப்பதற்குள், அவளைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடலாம் போலிருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புச் சகோதரி,

இலை போட்ட பிறகு தம்பி எழுந்து போனான் என்ற வரியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். 5,400 ரூபாய் இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு வரும். பொங்கல் அன்று விழுந்த அந்த வருத்தம் அப்படித் தானாகப் போகாது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கூலி.

உங்கள் கணவர் சொல்வது சரியா, தம்பி சொல்வது சரியா என்று வீட்டில் உட்கார்ந்து பேசினால் விடியாது. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். “எங்க என்.எம்.ஆருக்கு எஃப்.டி.ஓ. போட்டாச்சா, எந்தத் தேதியில போட்டீங்க?” இதுதான் அந்தக் கேள்வி. என்.எம்.ஆர். என்பது உங்கள் வருகைப் பட்டியல்.

ஏன் இது என்று சொல்கிறேன். நீங்கள் வேலை பார்த்த வருகைப் பட்டியல் முடிந்ததும் ஓவர்சியர் வந்து வாய்க்காலை அளக்கிறார். அந்த அளவு புத்தகத்தில் ஏறி, அப்புறம் கம்ப்யூட்டரில் ஏறி, கடைசியில் இரண்டு அலுவலர்கள் டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் பணப் பரிமாற்ற ஆணை, அதாவது எஃப்.டி.ஓ., உண்டாகிறது. அதுவரை நடப்பதெல்லாம் நம் ஊர்ப் பக்கத்து வேலை. கையெழுத்து விழுந்த பிறகு, பணம் டெல்லியிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும். ஆக, எஃப்.டி.ஓ. அக்டோபரிலேயே போயிருந்தால் உங்கள் கணவர் சொல்வது சரி. இன்னும் போடவே இல்லை என்றால் தம்பி கேட்பதில் நியாயம் இருக்கிறது. போட்டும் திரும்பி வந்திருந்தால் ஆதாரில் ஏதோ சிக்கல்.

ஆதார் விஷயத்தையும் பார்த்துவிடுங்கள். 2024 ஜனவரி 1 முதல் கூலி ஆதார் வழியாகத்தான் போடப்படுகிறது. கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அதில்தான் பணம் விழும். குழுக் கடனுக்காகத் திறந்து மறந்துபோன கணக்கில் எட்டு மாதக் கூலி கிடந்ததைப் பாபநாசம் பக்கத்தில் ஓர் அம்மா எனக்குக் காட்டினார். இருக்கிற எல்லா பாஸ்புக்கையும் எடுத்துப்போய் என்ட்ரி போட்டுப் பாருங்கள். 23 பேருக்கும் ஒன்றாக வரவில்லை என்பதால் உங்கள் விஷயத்தில் இது காரணமாக இருக்காது என்றே நினைக்கிறேன். ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது? நீங்கள் வேலை பார்த்தது 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ். கூலியை வாரா வாரம் தர வேண்டும், எப்படியும் 15 நாளைத் தாண்டக் கூடாது. பட்டியல் முடிந்து 16 நாள் கடந்தால், பாக்கித் தொகையில் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. உங்கள் 5,400-க்கு அது நாளுக்கு 2 ரூபாய் 70 காசு. 98 நாளில் முதல் 16-ஐக் கழித்தால் 82 நாள், அதற்கு 221 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனால் மனுவில் இந்தக் கணக்கை எழுதுங்கள். விதி தெரிந்துதான் கேட்கிறோம் என்று வாங்குகிறவருக்குப் புரிய வேண்டும். 2018 மே மாதம் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தாமதம் மாநிலத்தில் நடந்ததா, ஒன்றிய அரசிடம் நடந்ததா என்பது தொழிலாளியின் கவலை இல்லை; அவருக்குக் கூலியும் இழப்பீடும் போய்ச் சேர வேண்டும்.

சரி, சண்டைக்கு வருவோம். அது வெறும் வாய்ச் சண்டை என்று நான் சொல்லமாட்டேன். 2025 மார்ச் 29 அன்று தமிழ்நாடு முழுக்க தி.மு.க. ஆர்ப்பாட்டம் நடத்தியபோது, ஒன்றிய அரசு வைத்திருக்கும் பாக்கி 4,034 கோடி ரூபாய் என்றார்கள். அதற்குச் சில நாள் முன்னால் மக்களவையில் ஒன்றிய இணை அமைச்சர் சந்திரசேகர் பெம்மசானி சொன்ன பதில், 7 கோடிப் பேர் உள்ள தமிழ்நாட்டுக்கு 10,000 கோடிக்கு மேல் போகிறது, 20 கோடிப் பேர் உள்ள உத்தரப் பிரதேசத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் போகிறது என்பது. அந்தப் பதில் எனக்கு ஏற்புடையதாக இல்லை. இது தலைக்கு இவ்வளவு என்று பங்கு போடுகிற பணமே இல்லை. கேட்டவருக்கு வேலை தர வேண்டும் என்பது சட்டம். நம் பெண்கள் கேட்டார்கள், வெயிலில் நின்று வேலை பார்த்தார்கள், அதனால் பணம் வந்தது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுக்கு மேல் பெண்கள். அதிகம் வாங்குகிறீர்கள் என்று அவர்களிடம் சொல்வது எனக்கு வலிக்கிறது.

அதற்காக மாநிலத்தின் பக்கம் எல்லாம் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. வேலை கேட்டு மனு கொடுத்தால் தேதி போட்ட ரசீது தர வேண்டும். 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும், அதைத் தர வேண்டியது மாநில அரசு. இத்தனை வருடமாகக் காவிரிக் கரை ஊர்களில் சுற்றுகிறேன். அந்தப் படியை வாங்கிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ரசீதே தராதபோது படியை எப்படிக் கேட்பது?

மேலே இருப்பவர்கள் முறுக்கிக்கொண்டால் கீழே என்ன ஆகும் என்பதற்கு மேற்கு வங்கம் இருக்கிறது. முறைகேடு என்று சொல்லி 2022 மார்ச்சில் அந்த மாநிலத்துக்கு ஒன்றிய அரசு நிதியை நிறுத்தியது. முறைகேடு செய்தவர்களைப் பிடிக்க வேண்டியதுதான். ஆனால் மூன்று வருடத்துக்கு மேல் வேலை இழந்தது, மண்வெட்டி பிடித்த ஜனங்கள். 2025 ஜூனில் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லித்தான் மறுபடி தொடங்கு என்ற உத்தரவே வந்தது.

இந்த நூறு நாள் வேலைச் சட்டம் பிறந்த கதை உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும். 2004 டிசம்பரில் காங்கிரஸ் கூட்டணி அரசு கொண்டுவந்த மசோதா, ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் என்றுதான் இருந்தது. அது நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது. குழுவின் தலைவர் யார் தெரியுமா? எதிர்க்கட்சியான பா.ஜ.க.வின் கல்யாண் சிங். அந்தக் குழுதான் கிராமத்தில் இருக்கிற எல்லாக் குடும்பத்துக்கும் கொடுங்கள் என்று சொன்னது. எட்டு மாதம் பேசி, அடித்துத் திருத்தி, 2005 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. 2006 பிப்ரவரி 2 அன்று நாட்டில் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது, அதில் நம் நாகப்பட்டினமும் ஒன்று. உங்கள் திருவாரூருக்கு அடுத்த வருடம் வந்தது. அன்றைக்குக் கூலி 80 ரூபாய்.

இன்னும் பழைய கதை ஒன்று, நம் மண்ணிலேயே நடந்தது. 1952-இல் முதல்வராக வந்த ராஜாஜி, கம்யூனிஸ்ட்டுகளே தன் முதல் எதிரி என்று வெளிப்படையாகச் சொன்னவர். அதே வருடம், கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவும் தோழர்களும் கீழத்தஞ்சையில் கட்டிய விவசாயத் தொழிலாளர் இயக்கத்தின் அழுத்தத்தில், தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டு வந்ததும் அவர்தான். பண்ணையாளை நினைத்த நேரத்தில் வெளியேற்றுவதற்குத் தடை வந்தது. அவர்களுக்குள் சமாதானம் ஆகிவிடவில்லை. சேரியும் தெருவும் ஒன்றாக நின்று கேட்டது, கொடுக்க வேண்டியதாயிற்று.

இப்போதைய புதுச் சட்டம் வந்த விதத்தை 2005 சட்டம் வந்த விதத்தோடு வைத்துப் பாருங்கள். 2025 டிசம்பர் 16 அன்று அறிமுகம். குழுவுக்கு அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அனுப்பவில்லை. 18-ஆம் தேதி கூச்சலுக்கு நடுவே மக்களவையில் நிறைவேறி, நள்ளிரவு தாண்டி மாநிலங்களவையிலும் நிறைவேறிவிட்டது. 100 நாள் 125 நாளாகிறது, அது நல்லதுதான். ஆனால் இதுவரை கூலி முழுவதையும் ஒன்றிய அரசு கொடுத்தது. இனி 60 பங்கு அவர்கள், 40 பங்கு மாநிலம். ஒரு மாநிலத்துக்கு இவ்வளவுதான் என்று டெல்லி முன்கூட்டியே வரம்பு வைக்கும், மேலே போனால் மாநிலத்தின் செலவு. ஒருவர் கொடுக்கவேண்டிய இடத்திலேயே இத்தனை இழுபறி. இரண்டு பேர் சேர்ந்து கொடுக்க வேண்டுமென்றால், உங்கள் வீட்டு வாசலில் நடந்த பேச்சு ஒவ்வொரு வாரமும் நடக்குமோ என்று பயமாக இருக்கிறது.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. விதைப்பு, அறுவடைக் காலத்தில் விவசாயத்துக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பதற்காக, வருடத்தில் 60 நாள் இந்த வேலையை நிறுத்தி வைக்கலாம் என்கிறது புதுச் சட்டம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டெல்டாவில் அறுவடைக்கு யார் ஆள் கூப்பிடுகிறார்கள்? இந்தத் தை மாதம் உங்கள் ஊர் வயலைப் பாருங்கள். மிஷின் வரப்பேறி இறங்குகிறது, ஓர் ஏக்கர் ஓரிரு மணி நேரத்தில் முடிகிறது, வைக்கோலை உருளையாகக் கட்ட இன்னொரு மிஷின் வருகிறது. அரிவாளோடு போன பெண்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். நடவில்கூடப் பாதி இடத்தில் இயந்திரம் வந்தாயிற்று. வயலிலும் வேலை இல்லாமல், அரசாங்க வேலையும் நிறுத்தினால், அந்த 60 நாள் அவர்கள் என்ன சாப்பிடுவார்கள்? எந்த 60 நாள் என்பதை மாநிலம்தான் அறிவிக்க வேண்டும். நம் மாவட்டங்களுக்குத் தனியாக யோசித்து அறிவியுங்கள் என்று இப்போதே கேட்டாக வேண்டும்.

எங்கே கேட்பது? கிராம சபையில். 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்ததால் உங்கள் ஊராட்சிக்கு இப்போது தலைவர் கிடையாது, தனி அலுவலர்தான். அதனால் கேட்டு என்ன பயன் என்று விட்டுவிடாதீர்கள். சில வருடத்துக்கு முன் கும்பகோணம் பக்கத்தில் ஓர் அக்டோபர் 2 கிராம சபையில் உட்கார்ந்திருந்தேன். அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா எழுந்தார். நகைக்கடையில் கொடுக்கிற சின்ன பர்ஸிலிருந்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த வேலை அட்டையை எடுத்தார். மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டிய அட்டை. அவர் பார்த்த வேலைக்கான பக்கத்தில் எழுத்தே இல்லை. “ஐயா, நான் சொல்றதத் தீர்மான நோட்டுல எழுதுங்க. எழுதிட்டுப் படிச்சுக் காட்டுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, காது நல்லாக் கேக்கும்” என்றார். எழுத வேண்டியவர் தயங்கினார். அப்போது பின்னாலிருந்து இரண்டு பேர், எதிரெதிர்க் கட்சி, ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாதவர்கள், ஒரே நேரத்தில் “எழுதுங்க சார்” என்றார்கள். எழுதினார். பணம் தை பிறந்துதான் வந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் வந்தது.

உங்கள் வீட்டில் அந்த இரண்டு பேர் இருக்கிறார்கள். அதை ஒரு பலமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மனு எழுதுங்கள். வேலை அட்டை எண், வேலை பார்த்த தேதிகள், பாக்கி, இழப்பீடு, 23 கையெழுத்து. யார் குற்றம் என்று ஒரு வரிகூட வேண்டாம். கீழே சாட்சியாக உங்கள் கணவரும் தம்பியும் கையெழுத்துப் போடட்டும். வட்டார வளர்ச்சி அலுவலரிடம் ஒன்று, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் ஒன்று கொடுத்து ரசீது வாங்குங்கள். கிராம சபையில் அதையே படித்துத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். இந்த ஜனவரி 26 தவறிப்போனால் மார்ச் 22 இருக்கிறது.

திருப்பூருக்குப் போவதைப் பற்றி. மகள் பி.காம். படித்தவள். பனியன் கம்பெனி என்றாலும் செக்கிங்கில் நிற்க வேண்டியதில்லை, கணக்குப் பிரிவில் கேட்கலாம். டேலி தெரியாவிட்டால் கற்றுக்கொண்டு போகட்டும். அவளுக்கு விருப்பமா என்று நீங்கள் எழுதவே இல்லை, முதலில் அவளைக் கேளுங்கள். நீங்கள் கூடப் போவதென்றால் வாடகை, அட்வான்ஸ், இங்கே அவர் சாப்பாடு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கோபத்தில் கிளம்ப வேண்டாம். முக்கியமாக, பாக்கியை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டாம். ஊரில் ஆள் இல்லாத கூலியைக் கேட்க யாரும் இருக்கமாட்டார்கள்.

தம்பிக்கு நீங்களே போன் போடுங்கள். பொங்கல் பேச்சை எடுக்காதீர்கள். “எஃப்.டி.ஓ. தேதி கேக்கணும், ஒன்றிய ஆபீசுக்கு வண்டியில கூட்டிட்டுப் போடா” என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் கணவர் பஸ்ஸில் முன்னால் போய் அங்கே நிற்கட்டும். திரும்பும்போது மணி ஒன்றாகிவிடும். உலையை முன்னாலேயே மகளை வைக்கச் சொல்லிவிட்டு, மூன்று பேருக்கும் இலை போடுங்கள்.