சேமிக்கத் தெரியாதவர்களா?

கேள்வி: அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இன்னும் கறுப்பர்களிடம் வெள்ளையர் அளவுக்குச் சொத்து சேரவில்லை என்றால், சேமிக்கும் பழக்கம் இல்லாததுதானே காரணம்?

பதில்: சேமிக்கும் பழக்கம்! மாட்டினீர்கள்.

சுயமுன்னேற்றப் பேச்சாளர்களோடு எனக்குள்ள பகை இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். தினம் ஒரு காபியைக் குறைத்தால் முப்பது வருடத்தில் கோடீஸ்வரன் என்று அடித்துவிடுகிற ஆசாமிகள். அந்தக் கணக்குப்படி காபியே குடிக்காதவர்கள் இந்நேரம் சொந்தமாக விமானம் வைத்திருக்க வேண்டும், டீயும் தொடாதவர்களிடம் விமான நிலையமே இருக்க வேண்டும். பேச்சாளர் மட்டும் மேடைக்கு வந்ததும் ஒரு காபி கேட்பார். காசு நாம் கொடுக்க வேண்டும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் சொல்கிற உபதேசத்தை அந்த மக்களுக்கு 1865-லேயே செய்தாகிவிட்டது. விடுதலையானவர்களுக்கென்றே ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கியை அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டுத் தொடங்கியது. குடிக்காதே, புகைக்காதே, லாட்டரிச் சீட்டு வாங்காதே, மிச்சமாகிற காசை இங்கே கொண்டுவந்து போடு என்று பிரசாரம். போட்டார்கள். துணி துவைத்துப் பிழைத்த பெண்களும் கூலியாட்களும் போர்வீரர்களும், சம்பளம் என்ற ஒன்றை அப்போதுதான் கண்ணால் பார்த்தவர்கள், அரசாங்கம் பின்னால் நிற்கிறது என்று நம்பிப் போட்டார்கள். அப்படி ஒருவரும் நிற்கவில்லை. வாஷிங்டனில் கருவூலத்துக்கு எதிரே பளிங்கும் வால்நட் மரமுமாகத் தலைமை அலுவலகம் எழும்பியது. (வங்கிகளுக்கு எதற்கு அரண்மனை என்று முன்பே திட்டியிருக்கிறேன், இன்றைக்கு விட்டுவிடுகிறேன்.) சேர்ந்த பணத்தை வங்கி எங்கே முதலீடு செய்யலாம் என்ற விதியை 1870-ல் தளர்த்தினார்கள். வங்கியின் நிதிக்குழுவில் ஹென்றி குக். அவருடைய அண்ணன் ஜே குக், ரயில்பாதையில் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்த பெரும் வங்கியாளர். அப்புறம் காசு எந்தப் பக்கம் ஓடியது என்று நான் சொல்ல வேண்டுமா? 1873-ல் அண்ணன் திவால். 1874 மார்ச்சில், அடிமையாகப் பிறந்து கறுப்பர்களின் பெருந்தலைவரான ஃபிரெடரிக் டக்ளஸைக் கூட்டிவந்து தலைவராக உட்காரவைத்தார்கள். மனிதர் தன் சொந்தப் பணம் 10,000 டாலரையும் போட்டுப் பார்த்தார். பிணத்துக்குத் தன்னைக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று பின்னால் எழுதினார். ஜூனில் இழுத்து மூடியாயிற்று. ஏறக்குறைய 61,000 பேருடைய பணம், கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர், உள்ளே. கொஞ்சம் பேருக்குக் கொஞ்சம் வந்தது, பலருக்கு ஒன்றுமே வரவில்லை.

தலைமை அலுவலகம் இருந்த இடத்தில் இப்போதுள்ள கருவூலக் கட்டடத்துக்கு 2016-ல் அந்த வங்கியின் பெயரையே வைத்தார்கள். பெயருக்குச் செலவு கம்மி.

சாதாரணக் குடும்பத்துக்குச் சொத்து என்றால் அது வீடுதான். 1934 முதல் அரசு உத்தரவாதத்தோடு வீட்டுக் கடன் கிடைத்தபோது, கறுப்பர்கள் வசித்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டி, இங்கே கடன் ஆபத்து என்று ஒதுக்கினார்கள். வீடு விற்பதில் இனம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1968-ல்தான் வந்தது. அதற்குள் ஒரு தரப்பு வீடு வாங்கி, கடன் அடைத்து, பிள்ளைகளுக்கு எழுதிவைக்கவும் ஆரம்பித்துவிட்டது. 2022 கணக்குப்படி நடுத்தட்டில் இருக்கும் வெள்ளைக் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர், கறுப்புக் குடும்பத்துக்கு 44,900. எத்தனை காபியைக் குறைத்தால் இது சரியாகும் என்று அந்தப் பேச்சாளர்களைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. 1862-ல் வாஷிங்டனில் அடிமைகளை விடுவித்தபோது அரசு தலைக்கு 300 டாலர் வரை நஷ்டஈடு கொடுத்தது, எஜமானர்களுக்கு. விடுதலையானவர்களுக்கு? நாட்டைவிட்டே போய்விடச் சம்மதித்தால் 100 டாலர் வரை.