வெயிலுக்கும் மழைக்கும் ஒரே தொப்பி

வால்பாறைப் பக்கம் சர்வே வேலை, கிரிக்கெட் கேப் போட்டுக் காதும் பிடரியும் கறுத்துப் போயின, மழைக்கும் அதே தொப்பி உதவ வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்த கேப்பை விட்டுவிடுங்கள், அது முகத்துக்கு மட்டும்தான். சுற்றிலும் விளிம்பு இருப்பதாக, குறைந்தது 7.5 செ.மீ. அகலத்தில் பாருங்கள் (ஆஸ்திரேலியாவின் கேன்சர் கவுன்சில் சொல்லும் அளவும் இதுதான்). பருத்தி வேண்டவே வேண்டாம். ஒரு மழைக்காலம் முழுக்க அதோடு திரிந்தவன் நான். நனைந்ததும் விளிம்பு தொங்கிக் கண்ணை மறைக்கும், ராத்திரி முழுக்கக் கொடியில் கிடந்தாலும் காலையில் ஈரம் போயிருக்காது, நாற்றம் வேறு. மெல்லிய நைலான்தான் சரி. யுபிஎஃப் 50 என்று போட்டிருந்தால் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் துணியைத் தாண்டி வரும். விளிம்பின் அடிப்பக்கம் கருநிறமாக இருந்தால் கண் கூசாது. அப்புறம், தாடைக் கயிறு இல்லாததை வாங்காதீர்கள், சரிவில் ஒரு காற்று அடித்தால் தொப்பியைத் தேயிலைச் செடிக்குள் தேட வேண்டியிருக்கும். ஜூலை மாத மழைக்கு மட்டும் எந்தத் தொப்பியும் போதாது, ரெயின்கோட் பையில் இருக்கட்டும்.