வாசகர் கேள்வி – பதில்: விண்வெளி வீரர்களின் கையொப்பப் படங்கள்

கேள்வி: துபாயில் பணிபுரியும் என் மைத்துனர், 1969இல் நிலவுக்குச் சென்ற அப்போலோ 11 வீரர்கள் மூவரும் கையொப்பமிட்டதாகச் சொல்லப்படும் ஒளிப்படம் ஒன்றை வாங்க விரும்புகிறார். அது அசல்தானா என்று எப்படி அறிவது?
– வாசகர், கீழக்கரை

பதில்: பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று. கையொப்பம் வேண்டி வந்து குவிந்த கடிதங்களுக்கு விடையளிக்க, 1960களில் நாசாவில் ‘ஆட்டோபென்’ என்னும் இயந்திரம் பயன்பட்டது. வீரரின் கையொப்பத்திலிருந்து செய்த அச்சு ஒன்றைப் பின்பற்றி, அது உண்மையான பேனாவாலேயே படத்தின் மேல் எழுதும். மை உண்மை, தாள் உண்மை, நாசாவிலிருந்து வந்ததும் உண்மை. கை மட்டும் அவர்களுடையதன்று. எவராலும் இரண்டு முறை அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி கையொப்பமிட முடியாது என்பதால், சேகரிப்பாளர்கள் தொகுத்து வைத்துள்ள இயந்திரக் கையொப்ப வடிவங்களோடு உங்கள் மைத்துனர் பார்த்த படத்தை ஒப்பிடுங்கள். கோட்டுக்குக் கோடு பொருந்தினால் அது இயந்திரத்தின் வேலை. எழுத்து முழுவதும் ஒரே அழுத்தத்தில் ஓடியிருப்பதும் ஐயத்துக்கு உரியது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் கையொப்பம் நுண்புள்ளிகளாகத் தெரிந்தால், அது படத்தோடு சேர்த்து அச்சிடப்பட்டது.

ஆண்டுக் கணக்கையும் பாருங்கள். தம் கையொப்பம் விற்பனைப் பொருளாகிவிட்டதைக் கண்ட அப்போலோ 11 வீரர் நீல் ஆம்ஸ்ட்ராங் 1994 முதல் ரசிகர்களுக்குக் கையொப்பமிடுவதை நிறுத்திக்கொண்டார். அதன் பின்னர் ஏதோ விழாவில் அவரிடம் வாங்கியதாக விற்பவர் சொன்னால் எளிதில் நம்ப வேண்டாம். விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதரான யூரி ககாரின் 1968 மார்ச் 27 அன்று விமான விபத்தில் இறந்தார். 1969இல் எடுத்த நிலவுப் படத்தில் அவர் கையொப்பம் இருக்க வழியே இல்லை. விற்பவர் தாமே அச்சிட்டுத் தரும் சான்றிதழை விட, யார், எங்கே, எந்த ஆண்டில் இக்கையொப்பத்தைப் பெற்றார் என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடைக்கே நான் மதிப்புத் தருவேன்.

கேள்வி: கல்லூரி மாணவனாகிய நான் குறைந்த செலவில் இச்சேகரிப்பைத் தொடங்க முடியுமா?
– வாசகர், இராமேஸ்வரம்

பதில்: முடியும்; அமெரிக்காவை நோக்க வேண்டியதும் இல்லை. 1984 ஏப்ரலில் சோயுஸ் டி-11 கலத்தில் சோவியத்தின் சல்யூட் 7 விண்வெளி நிலையத்துக்குச் சென்ற ராகேஷ் சர்மாவும் அவருடன் பறந்த மாலிஷெவ், ஸ்ட்ரெகலோவ் ஆகியோரும் நம் வரலாற்றின் பகுதி. 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் செலுத்திய எஸ்.எல்.வி.-3 ஏவூர்தித் திட்டத்தை வழிநடத்திய அப்துல் கலாம் உங்கள் ஊரில் பிறந்து, இராமநாதபுரத்தில் பள்ளிப்படிப்பை முடித்தவர். அவர் கையொப்பமிட்ட படமோ கடிதமோ உறவினர் வீட்டில் இருந்தால் விலைக்குக் கேட்காதீர்கள். அது கிடைத்த விவரத்தைப் பெரியவர்கள் நினைவோடு இருக்கும்போதே எழுதி வாங்கி வையுங்கள். தபால் முத்திரையுள்ள உறையும் அதற்குச் சாட்சிதான், எறிந்துவிடக் கூடாது.

கேள்வி: கடலோர வீட்டில் இத்தகைய படங்கள் கெடாமல் இருக்க லேமினேஷன் செய்யலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: கூடவே கூடாது. சூடும் பசையும் மையையும் படப்பரப்பையும் கெடுக்கும். பின்னர் பிரித்தெடுக்கவும் இயலாது. நம் கரையில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து படத்தின் ஜெலட்டின் பரப்பை இளக்குவதால், கண்ணாடிச் சட்டத்துக்குள் நேரே அழுத்தி வைத்த படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். பி.வி.சி. ஆல்பங்களைத் தவிர்த்துப் பாலியெஸ்டர் உறையில் இட்டு, அமிலமற்ற அட்டைப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடி, வெளிச்சுவரை ஒட்டாத பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பொட்டலங்களை அடிக்கடி மாற்றுங்கள். இராமபாணப் பூச்சி வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்கெட்ச் பேனா மை வெயிலில் விரைவாக வெளிறுவதால் கூடத்துச் சுவரில் நகலை மாட்டுங்கள், அசல் பெட்டியிலேயே இருக்கட்டும்.