வீட்டு ஃப்யூஸ் பெட்டியில் அடிக்கடி ட்ரிப் ஆகிறது. நானே எதுவரை பார்க்கலாம், எப்போது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்?

வயரிங் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். மறுபடி மேலே தூக்கிவிடுவதற்கு முன், விழுந்தது எது என்று பாருங்கள். அகலமாக, 'டி' (T) என்று எழுதிய சின்னப் பட்டனோடு இருப்பது ஆர்சிசிபி. கடைகளில் இன்னும் இஎல்சிபி என்றே கேட்பார்கள். ஒல்லியாக வரிசைகட்டி நிற்பவை எம்சிபி.

எம்சிபி இருப்பது வயருக்காக. அளவுக்கு மேல் கரண்ட் போனால் வயர் சூடேறித் தீப்பிடிக்கும். அதற்கு முன் அது விழுந்துவிடும். ஆனால் 16 ஆம்பியர் எம்சிபியை நம்பி ஆள் உயிரை ஒப்படைக்க முடியாது. ஷாக்கில் உடம்பு வழியாகப் போகும் கரண்ட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த வேலையை ஆர்சிசிபி செய்கிறது. ஃபேஸில் போன கரண்ட் அப்படியே நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். ஃபேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையால் பிடித்தவரை மட்டும் அதனாலும் காப்பாற்ற முடியாது.

உங்கள் வீட்டில் விழுவது எம்சிபி என்றால், எப்போது விழுகிறது என்று கவனியுங்கள். போட்ட நொடியே பட்டென்று விழுந்தால் அந்த லைனில் ஷார்ட். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு விழுந்தால் ஓவர்லோடு. 2000 வாட் கீசர், 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 1500 வாட் கெட்டில் மூன்றும் ஒரே லைனில் ஓடினால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 24 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி விழத்தான் செய்யும். கீசருக்குத் தனி லைன் இழுப்பதுதான் வழி.

இந்த இடத்தில்தான் பலரும், "32 ஆம்பியர் மாத்திடலாம் சார், அப்புறம் விழாது" என்பார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். சுவருக்குள் இருக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் அதேதான். இனி அது எவ்வளவு கொதித்தாலும் எம்சிபி பேசாமல் இருக்கும். பழைய பீங்கான் ஃப்யூஸ் கட்டையில் இரண்டு மூன்று செம்பு இழையை முறுக்கிக் கட்டுவதும் இதே ஆபத்துதான். எத்தனை ஆம்பியர் கட்டையோ அத்தனை ஆம்பியர் ஃப்யூஸ் கம்பி மட்டும், மெயினை அணைத்துவிட்டுப் போடுங்கள்.

பழைய வீடு என்றால் இன்னொன்று. இரும்பு மெயின் சுவிட்சில் ஃபேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என இரண்டு ஃப்யூஸ் இருக்கும். நியூட்ரல் ஃப்யூஸ் போனால் வீடு இருட்டாகிவிடும், ஆனால் வயரெல்லாம் உயிரோடு இருக்கும். கரண்ட் இல்லை என்று நம்பி ஹோல்டரில் கைவைத்தால் அடிக்கும். பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தால் நியூட்ரல் அறுந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். நியூட்ரலில் ஃப்யூஸை எடுத்துவிட்டு லிங்க், அதாவது உருகாத நேரடி இணைப்பு, போடச் சொல்லுங்கள்.

விழுவது ஆர்சிசிபி என்றால், உலர்ந்த கையோடு, செருப்பு போட்டுக்கொண்டு இப்படித் தேடுங்கள். எல்லா எம்சிபியையும் கீழே இறக்கி, எல்லா பிளக்கையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. நியூட்ரல் வழியாகவும் லீக் ஆகும். ஆர்சிசிபியைத் தூக்கி, எம்சிபிகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அந்த லைனில் கோளாறு. எதிலும் விழவில்லை என்றால் பிளக்குகளை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் கீசர், தண்ணி மோட்டார், கிரைண்டர் இவற்றில் ஒன்றுதான். மழைக்காலமென்றால் மாடி வெளிச்சுவர் விளக்கையும் பாருங்கள். எல்லாம் கழற்றிய பிறகும் ஆர்சிசிபி நிற்கவில்லையா? அதோடு நிறுத்திக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள். இன்வெர்ட்டர் நியூட்ரலைத் தப்பாகச் சேர்த்திருந்தாலும் இப்படி ஆகும்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்த பிறகும் ஃபேன், லைட் லைனில் 230 வோல்ட் இருக்கும். அதையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எந்த வயரையும் தொடாதீர்கள். அந்த டெஸ்டரையும் கரண்ட் உள்ள இன்னொரு பாயிண்டில் வைத்து எரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

சாக்கெட் பழுப்பேறியிருந்தால், பெட்டியில் சிர்ரென்று சத்தமோ கருகல் வாடையோ வந்தால் அது லூஸ் கனெக்‌ஷன். எம்சிபி இதற்கு விழாமலே போகலாம். மெயினை அணைத்து அன்றைக்கே சரிசெய்ய வேண்டும். மூன்று ஃபேஸ் இணைப்பில் சில விளக்கு திடீரென்று பளீரென்றும் சில மங்கலாகவும் எரிந்தால், உடனே மெயினை அணையுங்கள். நியூட்ரல் போயிருக்கும், 400 வோல்ட் வரை ஏறி டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் எரித்துவிடும். மீட்டர் பக்கமும் கம்பமும் ஈபி வேலை. தமிழ்நாட்டில் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

"கிரைண்டர் லேசா ஷாக் அடிக்குது, செருப்பு போட்டு மாவாட்டு" என்று வீட்டில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எர்த் வேலை செய்யவில்லை என்று பொருள். ஆர்சிசிபியும் இல்லாமலோ செத்தோ இருக்கலாம். அந்த கிரைண்டரைப் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபியில் உள்ள 'டி' பட்டனை மாதம் ஒருமுறை நீங்களே அழுத்திப் பார்க்கலாம். விழவில்லை என்றால் எலக்ட்ரீஷியனை வரவழைத்துப் புதிது மாற்றுங்கள். ஆர்சிசிபியே இல்லாத பெட்டி என்றால், வேறு எந்தச் செலவுக்கும் முன்னால் 30 மில்லி ஆம்பியரில் ஒன்றை மாட்டச் சொல்லுங்கள்.