பேரேட்டில் ஏறாத புகார்

வணக்கம் டீச்சர்,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். முன்பு செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டினேன். என் மகளுக்கு 19 வயது, 400 மீட்டர் ஓட்டக்காரி. விளையாட்டின் மூலம் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில், விளையாட்டு வீரர்கள் மீது வந்த புகார்களைச் சரியாகக் கையாளாத இரண்டு அதிகாரிகளை 30 நாள், 21 நாள் சம்பளமில்லாமல் நிறுத்திவைத்தார்கள் என்று படித்தேன். இது போதுமா? அங்கேயே இப்படி என்றால் இங்கே பிள்ளையை நம்பி அனுப்பலாமா? ஏதாவது நடந்து பெயர் கெட்டுவிடும் என்று என் மனைவி பயப்படுகிறாள்.

— ஒரு தகப்பன்

அன்புள்ள தம்பி,

போதாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பல்கலைக்கழகமே ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தை வைத்து விசாரித்து, 2021 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. ஓர் ஆட்டக்காரன் தன் தோழியை அடித்ததைத் தானே குறுஞ்செய்தியில் ஒப்புக்கொண்டிருக்கிறான். அது கைக்கு வந்தும் மூத்த அதிகாரி, புகாரைப் பெற வேண்டிய அலுவலகத்துக்குச் சொல்லவில்லை. அந்த அலுவலகத்திலோ போதிய ஆளே இல்லை. அதிகாரி 30 நாளில் நாற்காலிக்குத் திரும்பலாம். அந்தப் பெண் பழைய வாழ்க்கைக்குத் திரும்ப யார் நாள் குறிப்பது?

‘அங்கேயே இப்படி என்றால்’ என்ற பேச்சை விடுங்கள். அமெரிக்கா நமக்கு அளவுகோல் இல்லை. ஆனால் பெயர் கெட்டுவிடும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. யார் பெயர் கெடும்? தொட்டவன் பெயரா, தெரிந்தும் மூடிவைத்தவன் பெயரா? உங்கள் மகளின் பெயர் ஏன் அந்தப் பேச்சில் வருகிறது? உங்கள் மனைவியை நான் குறை சொல்லவில்லை. தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்த எந்தத் தாய்க்கும் அந்தப் பயம் உண்டு. அதை அப்படியே வாங்கி மகள் தலையில் இறக்கிவைத்த உங்களைத்தான் சொல்கிறேன்.

கொஞ்ச நாளாகவே இது என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் நான் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். 22 வயது. ரப்பர் மர நிரை முடித்துப் பால் வாளிகளோடு பெண்கள் ஸ்டோருக்கு வருவது வகுப்பு ஜன்னலில் தெரியும். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு தராசுப் பக்கத்தில் நிற்பார். ஒவ்வொருத்தி பாலையும் நிறுத்து, அரைக் கிலோ பிசகாமல் பேரேட்டில் ஏற்றுவார். மழையால் மரம் சீவாத நாள்கூட அதில் உண்டு.

அந்த வரிசையில் நின்ற ஒரு தாயின் மகள் என் வகுப்பில் இருந்தாள். ஆறாம் ஆண்டு. வெறுங்காலோடு ஓடுவாள், திடலில் அவளை முந்த ஆண்பிள்ளைகளாலும் முடியாது. ஒரு நாள் குழாயடியில் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, இனிப் பயிற்சிக்குப் போக மாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டேன். பயிற்றுநரைப் பற்றிச் சொன்னாள். யார் காதிலும் விழக் கூடாது என்று, சொல்லி முடிக்கும்வரை குழாயைத் திறந்தே விட்டிருந்தாள்.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் பெற்றோர் சங்கத் தலைவராக இருந்த பெரிய கிராணியிடம் சொன்னார். கிராணி கோயில் தலைவரைக் கலந்துகொண்டார். மூவருமே பதறினார்கள். மூவருமே நல்லவர்கள். ஒருவரும் போலீசுக்குப் போகவில்லை. ஆண்டு இறுதியில் பயிற்றுநருக்கு மாற்றல் வந்தது. மாலை போட்டு அனுப்பினார்கள். போன இடத்திலும் பிள்ளைகள் இருந்தார்கள். அவள் ஓட்டத்தை விட்டாள். பள்ளி முடிந்ததும் தாயோடு ரப்பர் பால் வடியும் மங்கு துடைக்கப் போனாள்.

பல ஆண்டுகள் கழித்து அந்தப் பள்ளியின் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். தண்ணீர்க் குழாய் உடைந்தது, சரிசெய்யப்பட்டது. அம்மை கண்ட பிள்ளைகளின் பெயர்கள். 1986 ஜூலை 9, மாவட்டப் போட்டி, மூன்று பதக்கம். அதில் ஒன்று அவள் வாங்கியது. என்னிடம் சொன்ன மறுநாளே அவளை ஓடவைத்திருக்கிறோம். அவள் சொன்னதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

மேற்பார்வைக் குழு, நடத்தை விதி என்றெல்லாம் பேசுகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: கேட்டவர் அன்றே எழுதினாரா, எழுதியதை அந்த இடத்துக்கு வெளியே ஒருவர் படித்தாரா? சிகிச்சை என்ற பெயரில் விளையாட்டுப் பெண்களிடம் பாலியல் அத்துமீறல் செய்த, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து மருத்துவர் லாரி நாசரைப் பற்றி 1997-இலேயே ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்றுநரிடம் சொன்னதாக ஒரு பெண் பின்னாளில் சாட்சியம் சொன்னார். பேச்சு அந்த அறையைத் தாண்டவில்லை. 2014-இல் புகார் எழுத்தில் ஏறியது. ஆனால் பல்கலைக்கழகம் தானே விசாரித்தது. கருத்துச் சொன்ன மருத்துவ வல்லுநர்களும் அவரோடு பழகிய அதே பல்கலைக்கழகத்து ஆட்கள். தவறில்லை என்று முடித்துவிட்டார்கள். 2016-இல் பத்திரிகையில் வந்த பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. 2018-இல் 332 பேருக்கும் பின்னால் வரக்கூடியவர்களுக்குமாக 50 கோடி டாலர் தரப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. 1997-இல் அவர்களில் சிலர் பிறந்திருக்கவே இல்லை, தம்பி. அன்று ஒருவர் எழுதியிருந்தால் அவர்கள் அந்த அறைக்குள் போயிருக்க மாட்டார்கள்.

நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் என்கிறது. அது 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள். அவளுக்கு 2022-ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தீர்ப்பாயம் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமல் தானே போகலாம். 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு கிடைக்கலாம். நல்லதுதான். ஆனால் அங்கேயும் போய் நிற்க வேண்டியவள் அவள்தான். கேட்டும் எழுதாமல் விட்ட அதிகாரியை யார் நிறுத்துவது? லூசியானா 2021-இல் சட்டமே போட்டது: தெரிந்தும் புகாரை மேலே சொல்லாத பல்கலைக்கழக ஊழியருக்கு வேலை போகும். அந்த ஒரு வரி இங்கேயும் வேண்டும். என் கண் மூடுவதற்குள் வேண்டும்.

மகளை அனுப்புங்கள். அவள் ஓடட்டும். சேரும் நாளில் நீங்களும் கூடப் போய், புகாரை யாரிடம் கொடுப்பது, அவர் விளையாட்டுத் துறைக்கு வெளியே இருப்பவரா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பயிற்றுநர் முன்னாலேயே கேளுங்கள். என்றாவது அவள் போனில் எதையாவது சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாதீர்கள். முதலில் நம்புங்கள். பிறகு தேதி போட்டு எழுதிவையுங்கள்.

நானும் எழுதவில்லை. தற்காலிக வேலை, பயம். இப்போது எழுதுகிறேன்: 1986 ஜூலை 8, செவ்வாய்க்கிழமை, இடைவேளை நேரம், பள்ளிக் குழாயடி. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் பயிற்றுநர் மீது புகார் சொன்னாள். கேட்டவள் நான்.