அவர் கிணறு வேறு, உங்கள் கிணறு வேறு

வயல் கேள்வி – பதில்

கேள்வி: செல்போன் வீடியோவில் ஒரு விவசாயி ஒரு ஏக்கர் கத்திரிக்குச் சொட்டுநீர் போட்டதைப் பார்த்து, அப்படியே நானும் போட்டேன். நாலடிக்கு ஒரு லேட்டரல் (செடி வரிசையில் ஓடும் பக்கக் குழாய்), இரண்டடிக்கு ஒரு டிரிப்பர் (சொட்டுவான்), மணிக்கு 4 லிட்டர் ரகம், இரண்டு வால்வு. அவருக்கும் எனக்கும் 5 எச்.பி. மோட்டார்தான். அவர் தோட்டத்தில் கடைசிச் செடி வரை ஈரம். என் தோட்டத்தில் கடைசி வரிசைகள் வாடுகின்றன. எங்கே தப்பு, ஐயா?
– வாசகர், அணைக்கட்டு

பதில்: எச்.பி.யை வைத்துத் தண்ணீரைக் கணக்குப் போட முடியாது. 100 அடியிலிருந்து தூக்கும் 5 எச்.பி.யும் 400 அடியிலிருந்து தூக்கும் 5 எச்.பி.யும் ஒரே அளவு தண்ணீரைத் தள்ளாது. வீடியோக்காரர் சொல்லாமல் விட்டது அவருடைய போர் (ஆழ்துளைக் கிணறு) மணிக்கு எத்தனை லிட்டர் தருகிறது என்பதைத்தான். மற்ற எல்லா எண்ணும் அதிலிருந்து வந்தவை.

உங்கள் போரை நீங்களே அளக்கலாம். 20 லிட்டர் பக்கெட், செல்போனில் உள்ள ஸ்டாப் வாட்ச், இரண்டும் போதும். மோட்டார் போட்டதும் அளக்காதீர்கள். போரில் தேங்கி நின்ற தண்ணீர் முதலில் வேகமாக வந்து ஏமாற்றும். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பக்கெட் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று மூன்று முறை பாருங்கள். 72,000ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வரும். உதாரணத்துக்கு, உங்களுக்கு 13 விநாடி ஆகிறது என்று வைத்தால் சுமார் 5,500 லிட்டர். இது திறந்த வாயில் வரும் அளவு. ஃபில்டரும் குழாய் அழுத்தமும் சேர்ந்தால் குறையும், அதனால் 15 சதவீதம் கழித்து 4,700 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தண்ணீர்ச் செலவுப் பக்கம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. நாலடிக்கு இரண்டடி என்றால் 5,445 டிரிப்பர். ஒவ்வொன்றும் 4 லிட்டர் என்றால் மணிக்கு 21,780 லிட்டர். இரண்டு வால்வு என்பதால் ஒரு வால்வைத் திறந்தால் 10,890 லிட்டர் கேட்கும். வருவதோ அதில் பாதிகூட இல்லை. முன்னால் இருக்கும் டிரிப்பர்கள் குடித்துவிடுகின்றன, கடைசிக்கு அழுத்தம் போய்ச் சேருவதில்லை.

லேட்டரலை மாற்ற வேண்டாம். சப்-மெயினை (லேட்டரல்களுக்குத் தண்ணீர் பிரிக்கும் குழாயை) வெட்டி இன்னும் மூன்று வால்வு வைத்து, தோட்டத்தை ஐந்து பாகமாக்குங்கள். ஒரு பாகத்துக்கு 4,356 லிட்டர். உங்கள் போர் தாங்கும். கத்திரிக்கு நாளொன்றுக்கு 4 மி.மீ. தண்ணீர் என்று வைத்தால் ஏக்கருக்குச் சுமார் 16,000 லிட்டர். ஒரு பாகத்துக்கு 44 நிமிடம், ஐந்துக்கும் சேர்த்து 3 மணி 40 நிமிடம். உங்கள் ஊரில் மும்முனை மின்சாரம் தொடர்ந்து அவ்வளவு நேரம் நிற்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் பக்கெட்டை மறுபடி வையுங்கள். 20 விநாடி ஆனால், மேற்சொன்ன கழிவு போக மணிக்கு 3,060 லிட்டர்தான். அப்போது எட்டுப் பாகம், ஏறக்குறைய ஆறு மணி நேரம். அது முடியாதென்றால் கோடையில் அரை ஏக்கர்தான் உங்கள் அளவு. ஐப்பசி மழைத் தண்ணீரைப் பார்த்துப் பரப்பை முடிவு செய்கிறவர்கள்தான் சித்திரையில் லாரித் தண்ணீர் தேடுகிறார்கள்.

கிணறு உள்ளவர்கள் வேறு வழியில் அளக்கலாம். 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஒரு அடி தண்ணீர் என்பது சுமார் 8,900 லிட்டர். மாலையில் மோட்டாரை நிறுத்தி மட்டத்தைக் குறித்து, காலையில் எத்தனை அடி ஊறியிருக்கிறது என்று பாருங்கள். நாலு அடி ஊறினால் ஒரு ராத்திரி வரவு 35,600 லிட்டர். கிணற்றுத் தண்ணீரில் பாசி வரும், அதற்கு மணல் ஃபில்டர் வேண்டும். போரில் மணல் வரும், அதற்கு ஹைட்ரோசைக்ளோன் (தண்ணீரைச் சுழற்றி மணலைப் பிரிக்கும் ஃபில்டர்). இதையும் பக்கத்து வயலைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: மல்லாட்டைக்கு (மணிலா, நிலக்கடலை) ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி., ஒரு மூட்டை யூரியா போட்டால் போதும் என்று தெரிந்தவர் சொன்னார். அவர் நெல் நன்றாக எடுப்பவர். செடி பச்சைப்பசேல் என்று வந்தது. பிடுங்கினால் பாதி பொக்கு, உள்ளே பருப்பே இல்லை.
– வாசகர், குடியாத்தம்

பதில்: நெல்லுக்குச் சொல்லும் கணக்கு மணிலாவுக்கு ஆகாது. மணிலா தன் வேர் முடிச்சில் தழைச்சத்தைத் தானே சேர்க்கும் பயிர். யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் கொழுக்கும்.

பாசன மணிலாவுக்குப் பொதுப் பரிந்துரை எக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் (பொட்டாஷ்) சத்து 25:50:75 கிலோ. ஏக்கருக்கு 10:20:30. உரமாக மாற்றினால் யூரியா 22 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 125 கிலோ, பொட்டாஷ் 50 கிலோ. நீங்கள் போட்ட மூட்டைகளில் தழைச்சத்து மட்டும் 30 கிலோவுக்கு அருகில் போயிருக்கும். பொட்டாஷ் ஒரு கைப்பிடி கூட இல்லை. டி.ஏ.பி.யில் மணிச்சத்து உண்டு, ஆனால் சூப்பரில் இருக்கும் கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் இல்லை.

பொக்குக்குப் பெரிய காரணம் அந்தச் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் காம்பு) மண்ணில் இறங்கிய பிறகு, காய்க்கு வேண்டிய சுண்ணாம்பை வேர் அனுப்பாது. காயே தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து உறிஞ்ச வேண்டும். அதனால்தான் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை 40–45ஆம் நாளில், செடியின் தூரை ஒட்டிப் போட்டு, கொத்தி மண் அணைக்கச் சொல்கிறோம். அடியுரத்தோடு சேர்த்துப் போட்டுவிட்டு ‘ஜிப்சம் போட்டாச்சு’ என்பவர்கள் உண்டு. விழுது இறங்கும் சமயத்தில் அது வேண்டிய இடத்தில் இருக்காது. மண் அணைத்த பிறகு அந்த வரிசையில் களைக்கொத்து படக்கூடாது, விழுது அறுந்துவிடும்.

மேலே சொன்ன அளவும் பொது அளவுதான். மண் பரிசோதனை செய்து உங்கள் எண்ணைப் போடுங்கள். உரம் போடுவதற்கு முன், வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10–15 இடத்தில் ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, அந்த மண்ணை வெளியே தள்ளிவிடுங்கள். பிறகு குழியின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரற்கடை கனத்துக்குச் சீவி எடுங்கள். எருக்குவியல் இருந்த இடம், வரப்போரம், மர நிழல் கூடாது. எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பாகத்தைக் கழித்துக்கொண்டே வந்தால் அரை கிலோ மிஞ்சும். அதைக் கொடுத்தால் போதும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் பாலாற்றை ஒட்டி நிலம் உள்ளவர்கள் கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டில் கொடுங்கள். உப்பு அளவு (இ.சி., dS/m கணக்கில்) 3ஐத் தாண்டினால் நல்ல தண்ணீர்க்காரர் போட்ட திட்டம் எதுவும் உங்களுக்கு ஒத்துவராது.

கேள்வி: எங்கள் ஊரில் எல்லோரும் முள்ளு கத்திரி போடுகிறார்கள். நானும் ஒரு ஏக்கர் போடலாமா?
– வாசகி, கணியம்பாடி

பதில்: போடலாம் அம்மா. இலவம்பாடி முள்ளு கத்திரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பேரும் இருக்கிறது. ஆனால் எல்லோரும் நடும் வாரத்தில் நட்டால் எல்லோரும் பறிக்கும் வாரத்தில்தான் உங்கள் காயும் வேலூர் மார்க்கெட்டுக்குப் போகும். ஏக்கருக்கு 160 கிராம் விதை. அதை இரண்டாகப் பிரித்து 20 நாள் இடைவெளியில் நாற்று விடுங்கள். 30–35 நாள் நாற்றை நடுங்கள். காய்ப்பு தொடங்கினால் நாலைந்து நாளுக்கு ஒரு பறிப்பு. உங்கள் வீட்டில் பறிக்க எத்தனை கை, கூலிக்கு ஆள் வருவார்களா என்று எண்ணிப் பார்த்துப் பரப்பை முடிவு செய்யுங்கள். ஆள் இல்லாமல் முற்றவிட்ட காயை யாரும் வாங்க மாட்டார்கள்.

கேள்வி: பத்து நாளைக்கு ஒரு மருந்து என்று ஒரு அட்டவணை கிடைத்தது. கத்திரிக்கு அதைப் பின்பற்றலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: வேண்டாம். வாரம் இரண்டு முறை 20 செடியைப் பாருங்கள். நுனி வாடித் தொங்கினால் துளைப்பான் புழு உள்ளே இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஒரு விரல் கீழே கிள்ளி, பையில் போட்டு எடுத்துப்போய் எரித்துவிடுங்கள். வரப்பில் வீசினால் அந்தப் புழுவே அந்துப்பூச்சியாகித் திரும்பி வரும். தெளிக்க வேண்டி வந்தால் முதலில் வேப்பங்கொட்டைக் கரைசல். 10 லிட்டருக்கு அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி ராத்திரி ஊறவைத்து, வடிகட்டிக் கொஞ்சம் காதி சோப்பு சேர்த்து, மாலையில் அடியுங்கள்.